உஷார்! நிற்கும்போதுதான் ஆபத்து: பழைய ரைடிங் மோவரும் கராஜில் வீசும் பெட்ரோல் வாடையும்

ஏப்ரல் பிறந்ததும் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் புல் மளமளவென்று வளர ஆரம்பிக்கும். கூடவே இணையச் சந்தைகளில், உட்கார்ந்து ஓட்டியபடி புல் வெட்டும் பழைய ரைடிங் மோவர்களுக்கான விளம்பரங்களும் முளைக்கும். புதிது வாங்கப் போனால் 2,000 டாலரைத் தொடுகிறது. இதுவோ 15, 20 வருடம் ஓடிய வண்டி, நானூறு ஐந்நூறு கொடுத்தால் வீட்டுக்கு வந்துவிடும். விளம்பரங்களில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: ‘போன வருஷம் வரை நன்றாக ஓடியது, கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும்.’

அந்த வரியைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். விற்கிறவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் கார்புரேட்டர்தான் காரணமாகவும் இருக்கும். ஆனால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சும்மா கிடந்த வண்டி தனியாக அந்த ஒரு கோளாறோடு வராது. காய்ந்து வெடித்த குழாய், சரியாக மூடாத ஊசி, கிழிந்த பம்ப், இறுகிப்போன ரப்பர் வளையம் என்று ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வரும். அதை நீங்கள் நிறுத்தப்போவது வீட்டோடு ஒட்டிய கராஜில். கராஜுக்கு மேலே பிள்ளைகள் தூங்கும் அறை. மூலையில் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர்.

மோவர் என்றாலே எல்லோருக்கும் பிளேடு பயம்தான் வரும். அது நியாயமான பயம். ஆனால் எரிபொருள் பாதையில் கோளாறு உள்ள வண்டி ஓடும்போதாவது திறந்த வெளியில், காற்றோட்டத்தில், கண்ணெதிரே இருக்கிறது. நீங்கள் வேலையை முடித்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கப் போன பிறகு, இருட்டில் சொட்டுச் சொட்டாக அது செய்யும் வேலைதான் வீட்டுக்கு வினையாகும்.

பெட்ரோலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒன்று, மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றுமளவுக்கு அது ஆவியாகிவிடும். மினசோட்டாவின் ஜனவரி மாதத்தில்கூட ‘இந்தக் குளிரில் என்ன ஆகப்போகிறது’ என்று இருக்க முடியாது. காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். இரண்டு, அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, கராஜின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்த் தேங்கும். நின்றுகொண்டிருக்கும் உங்கள் மூக்குக்கு லேசான வாடைதான் வரும். கணுக்காலுக்குக் கீழே நிலைமை வேறு.

வாட்டர் ஹீட்டரின் தீ எங்கே எரிகிறது? அடியில். கராஜில் வைக்கும் கேஸ் ஹீட்டரில் தீ மூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், உயரத்தில் இருக்க வேண்டும் என்று எரிவாயு விதிகள் வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டு ஹீட்டர்கள் பலவற்றைப் பீடம் போட்டு ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2003-லிருந்து படிப்படியாக வந்த ஹீட்டர்களில், ஆவி உள்ளே போய்த் தீப்பிடித்தாலும் வெளியே தாவாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கராஜில் ஹீட்டர் மட்டுமா இருக்கிறது? பழைய ஃப்ரிட்ஜ், கதவைத் தூக்கும் மோட்டார், விளக்கு சுவிட்ச், சில வீடுகளில் துணி காயவைக்கும் டிரையர். பொறி பறக்க இதில் எதுவும் போதும்.

ஆகவே, காலையில் கராஜுக்குள் கால் வைத்ததும் வாடை குப்பென்று அடித்தால், விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். கதவைத் திறக்கும் பொத்தானையும் அமுக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களைக் கிளப்பிக்கொண்டு வெளியே போய், தூரத்தில் நின்று 911-ஐக் கூப்பிடுங்கள். ‘இதற்குப் போய் ஃபயர் சர்வீஸா’ என்ற கூச்சம் வேண்டாம். இது அவர்கள் அன்றாடம் பார்க்கும் வேலை.

ஆயில் குச்சி சொல்லும் செய்தி

வண்டியை வாங்கும் முன்பே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவுங்கள். துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் கவலையில்லை, ஊற்றிக்கொள்ளலாம். ‘ஃபுல்’ கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால்தான் விஷயம். விரலில் ஒரு சொட்டு தொட்டுத் தேயுங்கள். வழவழப்பு இல்லாமல் தண்ணீராக ஓடுகிறதா? மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடையா? அப்படியென்றால் டேங்கிலிருந்த பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. விற்பவர் ‘இப்போதுதான் ஆயில் மாற்றினேன், கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டேன்’ என்பார். வாடை வந்தால் நம்பாதீர்கள்.

பெட்ரோல் அப்படி இறங்குவதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையும் ஊசியும். கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசியைத் தள்ள, ஊசி துவாரத்தை அடைக்க வேண்டும். ஊசியின் முனையில் உள்ள ரப்பரில் வருடக்கணக்கில் அழுந்தி அழுந்தி ஒரு வளையத் தழும்பு விழுந்திருக்கும். அல்லது துவாரத்தில் ஒரு துளி பிசின் ஒட்டியிருக்கும். ஊசி முழுதாக உட்காராது. கிண்ணம் நிரம்பி வழிந்து, வழிந்தது சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே ஆயிலோடு கலக்கும். இரண்டாவது வழி பெட்ரோல் பம்ப். இந்த மோவர்களில் பல, மின்சாரம் இல்லாத சின்ன பம்பை வைத்திருக்கின்றன. இன்ஜினின் அடிவயிற்றில் பிஸ்டன் மேலும் கீழும் போவதால் உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு ரப்பர்த் தாளை அசைக்க, அதுவே பெட்ரோலைத் தள்ளும். மூன்று குழாய் அதில் மாட்டியிருக்கும்: பெட்ரோல் வர ஒன்று, போக ஒன்று, துடிப்புக்கு ஒன்று. அந்தத் துடிப்புக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோல் நனைவு இருக்கவே கூடாது. ஈரமாக இருந்தால் தாள் கிழிந்துவிட்டது. பம்பை மாற்றுங்கள், ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம்.

ஆயிலில் பெட்ரோல் கலந்த வண்டியை ‘ஓட்டினால் ஆவியாகிப் போய்விடும்’ என்று ஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு. இந்தச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் கனெக்டிங் ராட் அலுமினியத்தால் ஆனது. தனி பேரிங் கிடையாது, ஆயில் படலத்தின் மேல்தான் சுழலும். படலம் நீர்த்துப்போனால் ராட் உரசி, இறுகி, உடைந்து இன்ஜின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதோடு அடிவயிறு முழுக்கப் பெட்ரோல் ஆவி.

இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு இன்ஜின் நின்றுவிடுகிறது, சுழலவில்லை. பேட்டரி வீக் என்று நினைத்து ஜம்ப் கேபிள் மாட்டுவார்கள். சிலிண்டர் முழுக்கப் பெட்ரோல் நிரம்பியிருந்தால் பிஸ்டனால் மேலே வர முடியாது, திரவத்தை அமுக்க முடியாதே. பலவந்தப்படுத்தினால் ராட் வளையும். விவரம் தெரிந்தவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி உள்ளே இருப்பதை வெளியேற்றப் பார்ப்பார்கள். வழி சரிதான். ஆனால் அந்தத் துவாரத்திலிருந்து பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். கழற்றிய பிளக் வயர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அது பொறி தெறிக்கும். முகத்துக்கு நேரே தீப்பந்தம். பிளக் வயரைத் துவாரத்திலிருந்து எட்ட இழுத்து, இன்ஜின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்யாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. துவாரத்தின் எதிரே யாரும் நிற்கக் கூடாது. முக்கியமாக, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்.

வெளியே தள்ளுங்கள்

பழுது பார்க்கும் இடம் கராஜ் அல்ல. கதவைத் திறந்து வைத்தாலும் அல்ல, மின்விசிறி போட்டாலும் அல்ல. மின்விசிறியின் மோட்டாரே ஒரு பொறிப் பெட்டிதான். ஸ்டார்ட் ஆகாத 200 கிலோ வண்டியை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதுதான் பலரையும் கராஜுக்குள்ளேயே உட்கார வைக்கிறது. ஹைட்ரோஸ்டாடிக் கியர் உள்ள வண்டியைத் தள்ளினால் சக்கரம் அசையாது. பின்பக்கம், சக்கரங்களுக்கு நடுவே, ஒரு கம்பி அல்லது நெம்புகோல் இருக்கும். அதை இழுத்து மாட்டினால் கியர் விடுபட்டு வண்டி உருளும். கியர் குச்சி உள்ள வண்டியென்றால் நியூட்ரலில் போட்டால் போதும். வீட்டிலிருந்து நன்றாக விலகி, சமதளமான இடத்தில், நிழலில் நிறுத்துங்கள். ஓடிய வண்டியென்றால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சைலன்சர் லேசில் ஆறாது. அதன் மேலும் சுற்றிலும் காய்ந்த புல் அப்பியிருந்தால் முதலில் அதைத் துடைத்துத் தள்ளுங்கள். குளிர்காலம் முழுக்கக் கிடந்த வண்டியில், இன்ஜின் மூடிக்குள் எலி கூடு கட்டியிருப்பதும் சர்வசாதாரணம்.

பேட்டரியின் நெகடிவ் வயரை முதலில் கழற்றுங்கள், பெட்ரோலைத் திறப்பதற்கு முன்பே. பிளக் வயரை உருவிவிடுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் எல்.இ.டி. டார்ச். பழைய பல்பு மாட்டிய தொங்கு விளக்கை அருகில் கொண்டுவரவே கூடாது. சூடான பல்பில் ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கண்ணாடி வெடிக்கும், உள்ளே கம்பி இன்னும் கனன்றுகொண்டிருக்கும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டேங்கைக் காலி செய்வது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுவார். “மாப்பிள்ளை, ஒரு முழம் டியூப் இருந்தா குடுங்க, வாயில ஒரு இழுப்பு இழுத்து விட்டுடறேன். எத்தனை வண்டிக்கு இழுத்திருக்கேன்!” பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டார்ட் செய்த தலைமுறை அது. இதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. மரியாதையாக, ஆனால் உறுதியாக, மறுத்துவிடுங்கள். பெட்ரோலை விழுங்குவதைவிட, இருமலில் அது மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் உயிருக்கு உலை. மிகக் கொஞ்சமே நுரையீரலுக்குள் போனாலும் கடும் அழற்சி உண்டாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். அமெரிக்காவில் நஞ்சுத் தகவல் மையத்தின் எண் 1-800-222-1222, எந்த நேரமும் கூப்பிடலாம். மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 911. கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் 10, 15 டாலருக்குக் கிடைக்கிறது. இதற்குப் போய் வாயை வைப்பானேன்?

எடுத்த பெட்ரோலை எதில் பிடிப்பது? பெட்ரோலுக்கென்றே விற்கும் சிவப்பு கேனில். காப்பி வாங்கி வந்த தெர்மோகோல் கப்பில் பிடித்தால் கப்பே கரைந்து காலில் கொட்டும். பால் கேன், கோக் பாட்டில் இன்னும் மோசம். மேசையோரம் வைத்ததை ஒரு குழந்தை எடுத்துக் குடிக்க நொடி போதும். பழைய சிவப்பு கேன் கைவசம் இருந்தாலும் புதிது வாங்கச் சொல்வேன். 2023 ஜூலையிலிருந்து தயாராகும் கேன்களின் வாயில், வெளித் தீ உள்ளே தாவாதபடி வலைத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். பங்கில் கேனை நிரப்பும்போது காரின் டிக்கியிலோ பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பிலோ வைத்து நிரப்பாதீர்கள். நிலை மின்சாரம் சேர்ந்து பொறி பறக்கும். தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

டேங்க் காலியானதும் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் தங்கிய காலி டேங்கில்தான் வெடிக்கத் தோதான கலவை இருக்கும். அதில் விரிசல் தெரிந்தால் சூடு வைத்து ஒட்டுவது, வெல்டிங் செய்வது எல்லாம் தற்கொலைக்குச் சமம். இந்த டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பசையும் நிற்காது. வேறு டேங்க் வாங்குங்கள்.

குழாய், கிளாம்ப், ஃபில்டர்

பழைய குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. நசுக்கும் கிடுக்கி போட்டு ஓட்டத்தை நிறுத்தலாம் என்று நினைத்தால், காய்ந்த குழாய் அந்த இடத்திலேயே பிளக்கும். அதனால்தான் டேங்கை முதலில் காலி செய்யச் சொன்னேன். புதுக் குழாயில் எஸ்.ஏ.ஈ. 30ஆர்7 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான மோவர்களுக்கு உள்விட்டம் கால் அங்குலம். மீன்தொட்டிக்கு வாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டாதீர்கள். பெட்ரோல் பட்டுப் பட்டு இறுகிச் சுருங்கி முனையிலிருந்து நழுவிவிடும். திருகி இறுக்கும் பல் வைத்த கிளாம்ப் மெல்லிய குழாயை அறுக்கும், ஸ்பிரிங் கிளாம்ப் போதும். குழாய் சைலன்சரைத் தொடாமல் பழைய தடத்திலேயே போகட்டும். டேங்கின் அடியில் குழாய் மாட்டும் ரப்பர் வளையத்தையும் கையோடு மாற்றுங்கள். குழாயை மாற்றிவிட்டு அதை விட்டுவிடுபவர்கள் அதிகம், மறுநாள் அங்கிருந்தே சொட்டும். கார் ஃபில்டரைப் போடாதீர்கள், அது மிக நுண்ணியது. பம்ப் இல்லாமல் தானாக வழிந்து வரும் வண்டியில் பெட்ரோல் அதைத் தாண்டி வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, டேங்குக்குப் பக்கத்தில் ஒரு மூடும் வால்வு பொருத்துங்கள். சில டாலர்தான் ஆகும். ஊரில் வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூடுவது அனிச்சையான பழக்கமாக இருந்தது. பழைய ரைடிங் மோவர்கள் பலவற்றில் அந்த டேப்பே கிடையாது. ஊசி ஒன்றை நம்பி இரவு முழுக்க டேங்க் திறந்தே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்று அடம் பிடித்தால், இதைச் செய்யுங்கள்.

சிலர் கேட்பார்கள்: கார்புரேட்டரின் அடியில் சாவியைத் திருப்பினால் ‘க்ளிக்’ என்று சத்தம் போடும் சோலனாய்டு இருக்கிறதே, அது மூடாதா என்று. மூடும், ஆனால் பெட்ரோல் பாயும் துளையான பிரதான ஜெட்டை மட்டும்தான். இன்ஜினை அணைக்கும்போது எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் ‘டமால்’ என்று வெடிக்காமலிருக்க வைத்தது அது. கிண்ணம் நிரம்பி வழிவதை அதனால் தடுக்க முடியாது. அது கெட்டுப்போனால் முனையை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும், வாஸ்தவம். அணைக்கும்போதெல்லாம் சைலன்சரில் வேட்டும் கேட்கும்.

கிண்ணத்துக்குள்

போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கினால் தெரியும் கதை. அடியில் ரவை போல வெள்ளைத் துகள். பித்தளை ஜெட்டில் பச்சை பூத்திருக்கும். ஓரத்தில் வார்னிஷ் மாதிரி பழுப்புப் பிசின், நகத்தால் சுரண்டினால் சுருள்சுருளாக வரும். எத்தனால் கலந்த பெட்ரோலின் கைங்கரியம் இது. அமெரிக்க பங்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீத எத்தனால் கலந்த ஈ10. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அரை சதவீத அளவை எட்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? வண்டிக்குக் கிடைப்பது அந்தக் கஷாயம்தான்.

இப்போது பல பங்குகளில் ஈ15-ம் வந்திருக்கிறது, சில காசு மலிவாக, அதே வரிசையில், அடுத்த பொத்தானில். அது 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு அனுமதிக்கப்பட்டது. மோவர் போன்ற சிறு இன்ஜின்களுக்கு ஊற்றுவது சட்டப்படியே தடை. பொத்தானை அமுக்கும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள் என்பதே என் கட்சி.

ஜெட்டின் துளை மிகச் சிறியது. அதை ட்ரில் பிட்டாலோ கம்பியாலோ குடைந்தால் துளை பெரிதாகி, பெட்ரோல் அதிகம் போய், கரும்புகை கக்கும். ஆயிலிலும் மறுபடி பெட்ரோல் சேரும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கத் துளை வழியாக நேரே கண்ணுக்குப் பாயும். ரப்பர் பாகங்களைக் கழற்றிவிட்டு அடியுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தை வெல்டிங் தீயருகே கொண்டுபோகவே கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் அது மிதக்காது, மூழ்கும். ஊசியைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள்.

இருபது டாலருக்குப் புதுக் கார்புரேட்டரே இணையத்தில் கிடைக்கிறதே என்றால், வாங்கலாம், சில நன்றாகவே உழைக்கின்றன. பழையதைப் பக்கத்தில் வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிட்ட பிறகு மாட்டுங்கள். அதோடு இனாமாக வரும் குழாயை மட்டும் குப்பையில் போடுங்கள். சரியான மாடலைத் தேட இன்ஜினில் பொறித்த எண்கள் வேண்டும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜினென்றால் மாடல், டைப், கோட் என்று மூன்று எண் இருக்கும். கோட் எண் 040315 என்று தொடங்கினால் அது 2004 மார்ச் 15-ல் தயாரானது. விற்றவர் ‘ஏழெட்டு வருஷ வண்டிதான்’ என்று சொல்லியிருந்தால், இங்கே குட்டு உடையும். கழற்றும் முன் கம்பிகளையும் ஸ்பிரிங்குகளையும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கைத் துளை மாற்றி மாட்டினால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், அடியில் பிளேடும்தான்.

முதல் ஸ்டார்ட்டிலும் உஷார் தேவை. ஈதர் ஸ்பிரேயைக் காற்று வழியில் அடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் தீ திரும்பி வெளியே வரும். தலையை அங்கே குனிந்து வைத்திருப்பவர்களுக்குப் புருவம் மிஞ்சாது. இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்சை, சோதனைக்காக என்று வயர் போட்டு ஏமாற்றுவதும் வழக்கம். சோதனை முடிந்தும் அந்த வயர் அப்படியே இருந்துவிடும். அடுத்த வாரம் வண்டியிலிருந்து விழுபவரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. மழை வருகிறதே என்று கராஜுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறும், வாடையே இல்லாமல்.

கைக்கெட்டும் தூரத்தில் ஏ.பி.சி. வகை தீயணைப்பான் ஒன்று நிற்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். உடையில் பெட்ரோல் கொட்டினால் வேலையை நிறுத்தி உடனே மாற்றுங்கள். அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், டிரையரில் நிச்சயமாகப் போடாதீர்கள். வெளியே விரித்து உலரவிடுங்கள்.

வண்டி ஓடுகிறது, சத்தம் சீராக இருக்கிறது, புல்லும் வெட்டியாயிற்று. இன்னும் ஒரு ராத்திரி அது வெளியேதான் நிற்க வேண்டும். ஆயிலை மாற்றி, அளவைக் கோட்டோடு சரிபார்த்து, அடியில் சுத்தமான அட்டை ஒன்றை விரித்து, வேண்டுமென்றே வால்வைத் திறந்தே வையுங்கள். காலையில் அட்டையில் கறை இருக்கிறதா, குச்சியில் ஆயில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் சீக்கிரம் உலர்ந்துவிடும், கறை மங்கலாகத்தான் தெரியும், மோந்து பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் ஊசி இன்னும் கசிகிறது, மறுபடி கழற்ற வேண்டியதுதான். இரண்டும் சுத்தம் என்றால் வால்வை மூடிவிட்டு, தோட்டத்து ஷெட்டில் நிறுத்துங்கள். ஷெட் இல்லாதவர்கள் தார்ப்பாய் போட்டு வெளியிலேயே விடலாம். துருப்பிடித்தால் பிடிக்கட்டும்.

எடுத்து வைத்த பழைய பெட்ரோலைக் காருக்கு ஊற்றவும் வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். உங்கள் கவுண்டியில் வீட்டு அபாயக் கழிவுகளை வாங்கும் நாள் எது என்று விசாரித்து, கேனோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அப்படியே சி.பி.எஸ்.சி. என்கிற நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் வண்டியின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எரிபொருள் கசிவுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட மோவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் வண்டி அதில் இருந்தால், முதல் சொந்தக்காரர் கவனிக்காமல் விட்ட அறிவிப்பு உங்களுக்காக அங்கே காத்திருக்கும்.